டயருக்குள் ஒரு தோல்பட்டை

எங்கள் வீட்டில் சைக்கிள் படுக்கையறையில் இருக்கிறது. இத்தாலியின் வடக்கே, மலையடிவாரத்தில் உள்ள தோல் பதனிடும் ஊர் ஒன்றில் இரண்டு அறை வீடு எங்களுடையது. அதில் ஓர் அறை என் மகள் ரூத்துக்கு. கட்டிலுக்கு மேலே சுவரில் கொக்கி அடித்து மலைச் சைக்கிளை மாட்டியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை இறக்கி, டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு மலைக்குப் போனால், இடுப்பு வரை சேறோடு திரும்பி வருவாள். குளியலறையில் முதலில் சைக்கிள் குளிக்கும், பிறகுதான் அவள். பதினெட்டு வருடமாக இங்கே இருக்கிறேன். இந்த ஊர் ஜனங்கள் வாரத்தில் ஒரு நாள் கிடைக்கிற ஓய்வை மேட்டில் சைக்கிள் மிதித்துக் கழிப்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஆம்பூரில் டேனரி வேலைக்குப் பாலாற்றங்கரையோரமாக ஏழு கிலோமீட்டர் சைக்கிளில் போவேன். சம்பளம் கொஞ்சம் கூடியதும் முதலில் செய்த காரியம் அந்தச் சைக்கிளை விற்றதுதான். பிறகு சவூதி, மால்டா, கடைசியில் இங்கே. எந்த நாட்டுக்குப் போனாலும் கை மட்டும் தோலை விட்டு விலகவில்லை.

என்னோடு வேலை செய்கிற ரென்ட்ஸோ ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், உங்கள் ஊரில் மலை உண்டா என்று கேட்டான். உண்டு, ஏலகிரி இருக்கிறது, ஜவ்வாது மலை இருக்கிறது என்றேன். அதில் எப்படி ஏறுவீர்கள் என்றான். பஸ்ஸில் என்றேன். அதைப் பெரிய நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு எல்லா மேசைகளுக்கும் போய்ச் சொன்னான். அவன் கேட்டதற்குத்தான் நான் பதில் சொன்னேன்.

ரூத் ஒன்பது வயதில் ஒருமுறை ஊருக்கு வந்தாள். வயிற்றுப்போக்கில் படுத்து, பத்து நாளில் எட்டு நாளை என் அக்கா வீட்டுக் கட்டிலிலேயே கழித்தாள். இனி வரவே மாட்டேன் என்று விமானத்தில் சொன்னாள், சொன்னபடியே இருந்தாள். இப்போது அவளுக்குப் பதினேழு. அடுத்த வருடம் பதினெட்டு முடிந்தால் எங்கே போவது, எங்கே போகாமலிருப்பது என்பது அவள் விருப்பம். இந்தக் கோடையில், ஊருக்கு வருகிறாயா என்று கேட்டுப் பார்த்தேன். சைக்கிளோடு வருகிறேன், அங்கே மலை இருக்கிறது என்கிறாயே, அதில் ஓட்ட வேண்டும் என்றாள். சரி என்றுவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. இந்தப் பயணமும் கெட்டுப்போனால் இனி அவள் வரமாட்டாள். என் மனைவிக்கு வேலையில் லீவு கிடைப்பதில்லை. பிறகு ஊருக்கு நான் தனி ஆளாகத்தான் போக வேண்டும், அதுவும் சாவுக்கு மட்டும்.

இரண்டு மாதம் திட்டம் போட்டேன். செல்போனில் வரைபடத்தைப் பெரிதாக்கி, ஒடுகத்தூர் பக்கமிருந்து ஜவ்வாது மலை மேல் ஏறும் ஒரு மெல்லிய கோட்டைக் கண்டுபிடித்தேன். இதுதான் பாதை என்று அவளிடம் காட்டினேன். அந்தக் கோட்டில் நான் நடந்தது கிடையாது. தோல் பதப்படுத்தக் கடுக்காய் மூட்டை ஏற்றிவர ஒருமுறை லாரியில் அந்த மலைக்குப் போயிருக்கிறேன், அவ்வளவுதான். கரடி வருமா, வனத்துறை கேட்குமா, வழியில் தண்ணீர் உண்டா என்று அக்காவிடம் போனில் கேட்டபடி இருந்தேன். அக்கா பள்ளியில் கணக்கு டீச்சர். "மல ஏறணும்னா பஸ் போவுதுடா. காசு குடுத்து ரோதன வாங்கறவன இப்பத்தான் பாக்கறேன்" என்றாள்.

தங்குவதற்கு மலைமேல் ஒரு சின்ன லாட்ஜ் எண் கிடைத்தது. மேனேஜர் நல்ல மாதிரி பேசினார். என் பேச்சைக் கேட்டதும் எந்தப் பக்கம் என்று விசாரித்தார், ஆம்பூர் என்றேன். அப்புறம் எதுக்கு சார் அட்வான்ஸ், நம்ம ஆளுங்களுக்கு ரூம் எப்பவும் உண்டு என்றார். அந்தச் சொல் கேட்க இதமாக இருந்தது. அதனால் சொல்ல வேண்டிய வேறொன்றைச் சொல்லாமல் விட்டேன்.

மிச்சமிருந்தது டயர். ரூத்தின் சைக்கிளில் டியூப் கிடையாது. டயருக்குள் பால் மாதிரி ஒரு திரவம் ஊற்றுவார்கள். முள் குத்தினால் அந்த ஓட்டையில் அதுவே உறைந்து அடைத்துக்கொள்ளும். ஆனால் அந்தப் புட்டியோடு விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வோம், வெள்ளையாய் இது என்னவென்று அதிகாரி கேட்டால் எந்த மொழியில் விளக்குவது என்று எனக்குப் பயம். டயரைக் காலி செய்து டியூப் போடு என்று அவளை வற்புறுத்தினேன். அவளும் முணுமுணுத்துக்கொண்டே போட்டாள்.

ஆம்பூருக்கு வந்த அன்று, பயணக் களைப்பில் அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாஷா பாய் கடைக்குப் போனேன். என் பழைய சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டியவர் அவர்தான். எங்கள் பக்கத்தில் டேனரி ஆட்கள் ஒரு வேலை செய்வோம். ஆற்றங்கரை முழுக்க வேலிகாத்தான் முள். அது ரப்பரைத் துளைத்து டியூப் வரைக்கும் போகும். தோலை இரண்டாகப் பிளந்தபின் அடியில் மிஞ்சும் மட்டமான தோலில் நீளமாக ஒரு பட்டை வெட்டி, டயருக்கும் டியூபுக்கும் நடுவில் வைத்துவிடுவோம். வருடக்கணக்கில் முள் தொடாது. அதைத்தான் செய்யச் சொன்னேன்.

பாய் டயரை அழுத்திப் பார்த்தார். "காத்து இவ்ளோ கம்மியா வெச்சா ஓட்றாங்க அந்த ஊர்ல?" என்றார். கல்லில் வழுக்காமல் பிடிக்க அப்படித்தான் என்றேன். அவர் பட்டையைக் கையில் உருட்டினார். "ஓரம் சீவிக் குடுக்கட்டா? ஷூ கம்பெனில சீவறாப்ல. தடிப்பா கீது."

ஷூ கம்பெனியில் தோலின் ஓரத்தைச் சீவி மெல்லிசாக்குவது மென்மையான வேலை. டேனரியில் இருந்தவர்கள் அதை ஒரு வேலையாகவே மதிப்பதில்லை. ஈரத்தோலைத் தோளில் சுமந்தவன் ஓரம் சீவுவதற்காக நிற்பானா என்ற அந்தக் காலத்துத் திமிர் எனக்குள் இன்னும் இருந்திருக்கிறது. "அதெல்லாம் வேணாம் பாய், அப்பிடியே வைங்க" என்றேன்.

"உன் பொண்ணு வண்டி, நீ சொல்றே" என்றார் பாய்.

ரூத்திடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவள் சைக்கிளை யாரும் தொடக்கூடாது.

மறுநாள் காலை ஒரு லோடு வண்டியில் இரண்டு சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு அடிவாரத்தில் இறங்கினோம். எனக்கு அக்கா மகனின் பழைய சைக்கிள். வரைபடத்தில் மெல்லிய கோடாகத் தெரிந்தது நேரில் மாட்டுத்தடம். சரளைக் கல், இரண்டு பக்கமும் முள். முதல் மூன்று கிலோமீட்டர் ரூத் சிரித்துக்கொண்டே ஏறினாள். பாறையில் முன்சக்கரத்தைத் தூக்கி வைத்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சைக்கிளை உருட்டியபடி, மூச்சு வாங்க, அவள் டயரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முள்ளும் என் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரிந்தது.

நாலாவது கிலோமீட்டரில் பின்சக்கரம் உஸ்ஸென்று அடங்கியது. அவள் கழற்றினாள். டயருக்குள்ளிருந்து தோல்பட்டை சுருண்டு வெளியே வந்தது. முள் எதுவும் ஏறவில்லை. காற்றுக் குறைவான டயர் ஒவ்வொரு கல்லிலும் நசுங்கி நசுங்கி விரிந்ததில் பட்டை நகர்ந்து, சீவாத அதன் தடித்த ஓரம் டியூபைக் கத்தி மாதிரி அறுத்திருந்தது. விரல் நீளத்துக்குக் கிழிசல்.

அவள் பட்டையை முகர்ந்து பார்த்தாள். தினமும் என் சட்டையில் வருகிற நாற்றம்தானே, அவளுக்குத் தெரியாதா.

"இது நீ வெச்சியா?"

"முள்ளுக்காக."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம் அப்பா." அவ்வளவுதான். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். பையிலிருந்த ஒரே மாற்று டியூபை எடுத்துப் போட்டாள். பட்டையைச் சுருட்டி என் கையில் கொடுத்தாள். இரண்டு கிலோமீட்டர்கூட ஓடவில்லை, இந்த முறை நிஜமாகவே முள் ஏறி அந்த டியூபும் போயிற்று. நான் சொன்னேன் பார் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

மிச்ச வழி எட்டு கிலோமீட்டர். இருவரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தோம். எனக்கு உள்ளே ஒரே கணக்குத்தான்: தண்ணீர் எவ்வளவு மிச்சம், வெளிச்சம் எவ்வளவு நேரம், இவள் வாயைத் திறந்து பேசி எவ்வளவு நேரம் ஆயிற்று. விறகுக் கட்டோடு வந்த மலைக்காரப் பெண் ஒருத்தி எங்களைக் கண்டு நின்றுவிட்டாள். "ஏறிக்கினு போற வண்டிய உருட்டிக்கினு போறீங்களே, வேண்டுதலா?" என்றாள். ரூத்துக்கு அந்தச் சொல் புரியவில்லை. சாமிக்கு நேர்ந்துகொண்டு கஷ்டப்படுவது என்று விளக்கினேன். கொஞ்ச தூரம் போனதும் ரூத் குனிந்தபடி சிரிக்க ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் செய்வது அதுதான் என்றாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வெயில் சாய்வதற்குள் லாட்ஜைச் சேர்ந்துவிட்டோம். நாலு அறை, முன்னால் சிமெண்டு முற்றம். மேனேஜர் எழுந்து வந்து வரவேற்று, பெரிய பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். பெயர், ஊர், வந்த இடம், போகும் இடம் என்று கட்டம் கட்டமாக எழுதினேன். என் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்துத் தலையாட்டினார். ரூத் தன்னுடையதை நீட்டினாள். அது வேறு நிறம். என் மனைவி இத்தாலியக் குடியுரிமை வாங்கியபோது மகளுக்கும் சேர்ந்து வந்தது. நான் மொழித் தேர்வுக்குப் பயந்து விட்டுவிட்டவன்.

மேனேஜர் முகம் மாறியது. "பாப்பா ஃபாரினரா?"

"என் பொண்ணுதாங்க."

"பொண்ணு உங்களுதுதான் சார், யாரு இல்லேன்னாங்க? பாஸ்போர்ட்டு வேற தேசத்துதாச்சே. போன்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

வெளிநாட்டார் தங்கினால் தனி விண்ணப்பம் நிரப்பி இணையத்தில் ஏற்ற வேண்டுமாம், இல்லையென்றால் போலீஸ் வந்து அவரைத்தான் கேட்குமாம். மலைமேல் சிக்னல் வந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. நீங்கள் அறைக்குப் போகலாம், பாப்பாவை மட்டும் அது முடிகிற வரை வெளியே உட்காரச் சொல்லுங்கள் என்று சாவியை என்னிடம் கொடுத்தார். கெட்ட மனுஷர் இல்லை. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் மூலை மூலையாக நடந்தார்.

இதுதான், இதோடு முடிந்தது என்று நினைத்தேன். வயிற்றுப்போக்கை மன்னித்திருக்கலாம், தோல்பட்டையைக்கூட மன்னிப்பாள். வாசலில் நிறுத்தி வைத்ததை மன்னிக்க மாட்டாள். நானும் சாவியோடு வெளியே வந்து அவள் பக்கத்தில் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

அவள் மேனேஜரிடம், தடுமாறும் தமிழில், எதிர்ப்பக்கம் தெரியும் மலைக்கு வழி உண்டா என்று கேட்டாள். உண்டு, ஆனால் போய்வர இரண்டு நாள் ஆகும் என்றார் அவர். எங்களுக்கு அந்த இரண்டு நாள் இல்லை. "ரெண்டு நாள்" என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். மறுபடி வந்து போவதற்காகச் சொல்கிறாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.

பிறகு அவள் நிரப்ப வேண்டிய விண்ணப்பத் தாள் வந்தது. மாதிரிக்கு என் பதிவைப் பார்க்க அவள் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டாள். எழுத்துக் கூட்டித் தமிழ் படிக்கத் தெரியும். விரலால் கட்டம் கட்டமாக நகர்ந்து, போகும் இடத்தில் நின்றாள். அங்கே நான் ஆம்பூர் என்று எழுதியிருந்தேன். யோசித்து எழுதியதில்லை, கை தானாக எழுதியது.

"தப்பா எழுதியிருக்கே அப்பா. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே ஃப்ளைட்."

தன் தாளில் எங்கள் இத்தாலி ஊரின் பெயரைத் தெளிவான கையெழுத்தில் எழுதினாள். என்னுடையதைத் திருத்தச் சொல்லி அதே பேனாவை என்னிடம் நீட்டினாள். பதிவேட்டில் அடித்துத் திருத்தினால் செக்கிங்கில் கேள்வி வரும், இருந்துவிட்டுப் போகட்டும் என்று மேனேஜர் தூரத்திலிருந்தே சொன்னார். நான் பேனாவை வாங்கி, மூடி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.