கயிற்றைத் தொடாத முதலாளி

செட்டிபாளையம் கடற்கரையில் உதயரூபனின் பலத்தை அறியாதவர் இல்லை. கரைவலைக் கயிற்றைப் பிடித்து அவன் பின்னால் சாய்ந்தால் அந்தப் பக்கத்தில் இரண்டு ஆளைக் குறைக்கலாம் என்பார்கள்.

அவன் வளர்ந்தது வாவிக்கரையில். இடுப்பளவு தண்ணீரில் வீச்சுவலையோடு தனியே நின்று தொழில் பழகியவன். வீச்சுவலை ஒற்றை ஆள் வேலை. எறிவதும் இழுப்பதும் ஒருவனே; பிழைத்தால் பிழையும் அவனுடையதே. கடலுக்கு வந்து கயிற்றுக்காரனாகிப் பதினைந்து வருடம் ஆன பிறகும் அந்தப் புத்தி அவனை விட்டுப் போகவில்லை. இந்த வருடம் முதுமையால் தளர்ந்த கதிர்காமத்தம்பியிடமிருந்து வலையையும் தோணியையும், கரையில் தொழிலாளர் தங்கும் குடிலான வாடியையும் வாங்கி முதலாளி ஆனான். அப்போதுதான் அந்தப் புத்தி அவனுக்கே வினையாக வந்தது.

கரைவலை ஒரு பெரிய காரியம். ஒரு நுனிக் கயிற்றைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி கடலுக்குள் போகும். அரை வட்டமாக வலையை இறக்கி, மறு நுனிக் கயிற்றைத் தூரத்தில் கொண்டுவந்து கரை சேர்க்கும். வடக்கில் ஒரு கூட்டம், தெற்கில் ஒரு கூட்டம் நின்று, இழுக்க இழுக்க ஒன்றையொன்று நோக்கி நடந்து வரும். இரண்டும் ஒன்றாய் வந்தால்தான் நடுவிலுள்ள மடிக்குள் மீன் சேரும். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணும். தொய்ந்த பக்கத்தால் மீன் வெளியேறிவிடும்.

உதயரூபன் என்ன செய்தான்? எந்தப் பக்கம் பிந்துகிறதோ அந்தப் பக்கம் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தான். அது தன் கடமை என்றே நினைத்தான். முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நிற்பது அவனுக்கு வெட்கமாக இருந்தது. அவன் கை பட்டதும் பிந்திய பக்கம் முந்தும். பிறகு மற்றப் பக்கத்துக்கு ஓடுவான். வலை அங்கும் இங்கும் ஆடி, சுருங்கி, வெறும் மடியாகக் கரை சேரும். ஒரு தடவை மடியே கிழிந்தது. இதில் இன்னொன்றும் நடந்தது. அவன் வந்து பிடித்ததும் அங்கே நின்றவர்களின் கை தானாகவே தளர்ந்தது. கணக்கன் கூட்டிய கணக்கைத் திரும்பக் கூட்டுகிற கடைக்காரர்களும், தச்சன் இழைத்த பலகையை மறுபடி இழைக்கிற வீட்டுக்காரரும் நம்மிடையே உண்டு. அவர்கள் நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். உதயரூபனும் அப்படித்தான்.

தென்கயிற்றை நடத்துகிறவன் ரதீஸ். வாய்க்காரன். முன்பெல்லாம் "உதயண்ணே" என்று கூப்பிட்டவன், இப்போது ஏளனத்தோடு "முதலாளி" என்றான். ஒரு நாள் மாலை வாடி வாசலில் வைத்துச் சொல்லிவிட்டான்.

"முதலாளி, எங்களுக்கு இழுக்கத் தெரியாதெண்டா சொல்லுங்க. நீங்களே ரெண்டு பக்கமும் நிண்டு இழுங்க. நாங்க கரையில இருந்து வெத்திலை போடுறம்."

"அப்பிடி ஆர்டா சொன்ன?"

"வாயால சொல்லோணுமா? நாளைக்கும் இப்பிடியெண்டா தென்கயிற்றுக்காரர் எல்லாரும் அங்கால வாடிக்குப் போறம். கதைச்சாச்சு."

தென்கயிறு போனால் வலையே இல்லை. நடுப் பருவத்தில் புதிதாக ஒரு கூட்டத்தைத் தேட முடியாது. பதினைந்து வருட உழைப்பைக் கொட்டி வாங்கிய தொழில் மறுநாளின் ஒரே இழுப்பை நம்பி நின்றது.

காலையில் கடல் எண்ணெய் தடவியது போலக் கிடந்தது. வலை இறங்கியது. இரண்டு பக்கமும் இழுக்கத் தொடங்கினார்கள். வடக்கு சற்றுப் பிந்துவதாகப் பட்டதும் உதயரூபனின் கால் தானாகவே ஓடியது. பிடித்து இழுத்தான். மூச்சு வாங்கத் தெற்கே திரும்பியபோது, மணல் மேட்டோரம் நின்ற லொறிக் கூரையிலிருந்து ஒரு குரல் வந்தது. காத்தான்குடி மீன் வியாபாரி அஸாம்; இளையவர்களுக்கு 'நானா', அதாவது அண்ணன். ஐஸ் போட்ட றெஜிபோம் பெட்டிகளோடு தினமும் வந்து, வலை கரை சேரும்வரை லொறிக்கு மேலேயே குந்தியிருப்பவன்.

"மச்சான், இஞ்ச ஏறு!"

"விசரா உனக்கு? வலை கடலில கிடக்கு."

"அதுக்குத்தான் ஏறச் சொல்றன். நான் ஒவ்வொரு நாளும் பாக்கிற ஒண்டு இரிக்கி. நீ ஒரு நாளும் பாக்கல்ல."

கோபத்தோடுதான் ஏறினான். ஏறி நிமிர்ந்து கடலைப் பார்த்தான்.

அவன் வலை முழுதாகத் தெரிந்தது. மிதப்புகள் காலை வெயிலில் ஒவ்வொன்றாக மின்னி, கடலின் மார்பில் கிடந்த ஒரு பெரிய மாலை போல வளைந்திருந்தன. அந்த மாலையின் இரு நுனியிலும் மனிதர்கள் சிறிய வரிசையாகச் சாய்ந்து எழுந்து சாய்ந்தார்கள். இவ்வளவு பெரியதையா இவர்கள் கையால் இழுக்கிறார்கள்? பதினைந்து வருடமாகக் கயிற்றில் கிடந்து அவன் பார்த்ததெல்லாம் முன்னால் நின்றவனின் பிடரியைத்தான்.

"இப்ப பார்," என்றான் அஸாம். "நீ எந்தப் பக்கம் நிக்கிறியோ, அந்தப் பக்கம் வலை மூஞ்சியத் திருப்பும். வல்லாஹி, ஒரு நாளும் பிழைக்கிறல்ல."

உண்மைதான். அவன் சற்று முன் கை கொடுத்த வடபக்கம் முந்தி நின்றது. வலைக்குள் மேக நிழல் போல ஒரு கறுப்பு அசைந்தது. கீரிமீன் கூட்டம். அது தொய்ந்த தென்பக்கத்தை நோக்கி மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

"முந்தியே சொல்லியிரிக்கலாமேடா!"

"மீன் வாங்க வந்தவன் வலையப் பத்திச் சொன்னா நீ கேப்பியா?"

உதயரூபன் கூரை விளிம்புக்குப் போய்விட்டான். குதித்து ஓடினால் தெற்குக் கயிற்றைப் பிடிக்கலாம். கை தினவெடுத்தது. ஆனால் இறங்கிய கணமே இந்தக் காட்சி மறைந்துவிடும் என்பதும் தெரிந்தது. சேர்ட்டைக் கழற்றி உயர்த்தினான்.

"வடக்கு! நில்லுங்க!"

வடக்குக்காரர் திகைத்து நின்றார்கள். இந்த மனுசன் நிற்கச் சொல்லி அவர்கள் கேட்டதே இல்லை.

தெற்கே திரும்பினான். "இழு" என்று கத்த வாய் எடுத்தவன் அதை விழுங்கிக்கொண்டு, கண்ணில் பட்டதை மட்டும் சொன்னான்.

"ரதீஸ்! மீன் உன்ர பக்கம் திரும்புது!"

"எவ்வளவு?"

"ஒரு வீட்டு வளவு அளவு கறுப்பு!"

அதற்குமேல் அவன் ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. தெற்கிலிருந்து அம்பாப் பாட்டு எழுந்தது. ஒருவன் அடியெடுக்க மற்றவர்கள் ஏலேலோ சொல்ல, தென்கயிறு உயிர் வந்தது போல இறுகியது. மிதப்புகள் மெல்ல மெல்ல நேரானதை உதயரூபன் பார்த்தான். அவன் கை படாமல், அவன் மூச்சு சேராமல், அந்தப் பெரிய மாலை கரையை நோக்கி ஒரே உடம்பாக வந்தது. தான் தாங்கிப் பிடித்திருப்பதாக நினைத்த பாரத்தை இவர்கள் எப்போதுமே தாங்கக்கூடியவர்களாக இருந்திருக்கிறார்கள்.

"முதலாளி, மேல காத்து எப்பிடி?" என்று ரதீஸ் கத்தினான். இரண்டு பக்கமும் சிரித்தது.

மீனில் ஒரு பங்கு ஏற்கெனவே தப்பிப் போயிருந்தது. அவன் ஏறியது பிந்தித்தான். ஆனாலும் மடி கரை தட்டியபோது உள்ளே வெள்ளி கொதித்தது. அஸாமின் பெட்டிகள் போதவில்லை. ரதீஸ் மீனை அள்ளினான், பங்கை வாங்கினான், மறுநாளைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். கேட்க நா எழுந்தும் உதயரூபன் கேட்கவில்லை. போவதா நிற்பதா என்பது அவர்கள் எடுக்க வேண்டிய முடிவு.

மறுநாள் விடிய வந்து பார்த்தான். வடக்குக்காரர் நின்றார்கள். தெற்கு வெறிச்சென்று கிடந்தது.

அப்போது தென்னந்தோட்டத்துப் பக்கமிருந்து சத்தம் வந்தது. ரதீஸும் கூட்டமும் நாலு தென்னங்குற்றிகளைத் தோளில் சுமந்து வந்தார்கள். மணலில் கிடங்கு தோண்டி நட்டார்கள், மேலே பலகை வைத்துக் கட்டினார்கள், ஏணி சாத்தினார்கள்.

"என்னடா இது?"

"அஸாம் நானாட லொறி வராத நாளில நீங்க எங்க நிப்பீங்க? ஏறுங்க."

உதயரூபன் ஏறினான். பலகை ஆடாமல் நின்றது. திரும்பிப் பார்த்தபோது ரதீஸ் ஏணியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

"டேய், ஏணி!"

"மடி கரைக்கு வந்தாத்தான் ஏணி வரும், உதயண்ணே. உங்கட காலை நம்பேலாது."

உதயரூபன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரிப்பு அடங்கிக் கடலைப் பார்த்தபோது, தோணி அலையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. தோணியை இறக்கும்படி அவன் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை.