மாமா அனுப்பிய வெள்ளைத் துணி

மாமா அந்த வெள்ளைத் துணியைத் தெரிந்துதான் அனுப்பினாரா? அவர் மறைந்து ஓராண்டாகிறது. எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

நினைவு மலரில் இப்படித் தொடங்கலாமா என்று பலமுறை எழுதி அழித்தேன். மாமாவின் ஒரே மகனான என் கணவர், என் அம்மாவிடம் பழகிய தமிழில், "பொய் எழுத வேண்டாம். அப்பாவுக்கும் பிடிக்காது" என்றார். அதனால் எழுதுகிறேன். பிழையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமா ஒஸ்திரியாவின் மேற்கே ஒரு மலைப் பள்ளத்தாக்கில் பிறந்தார். இளவயதில் தகப்பனாரை இழந்து, பாழடைந்து கிடந்த பூவேலைத் துணி ஆலையைப் பொறுப்பேற்றார். இயந்திரங்களுக்குத் தானே எண்ணெய் விட்டு, ஆலையை நிமிர்த்தினார். அந்த உழைப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆலை ஓடியது துருக்கியிலிருந்து வந்தவர்களின் கைகளால். மாகாண சபை உறுப்பினரானதும், அவர்கள் தங்கள் குடும்பத்தை அழைத்து அங்கே குடியிருப்பதை எதிர்த்து வாக்களித்தவரும் மாமாதான். பகலில் அவர்களிடம் வேலை வாங்கினார். மாலைக் கூட்டங்களில், அவர்களால் ஊர் கெட்டுப்போயிற்று என்று பேசிக் கைதட்டல் வாங்கினார்.

என் பெற்றோர் கடல் கடந்து இந்த நாட்டுக்கு அகதிகளாக வந்து, டோர்செட் பார்க் பகுதியில் மாடிக் கட்டிடமொன்றில் என்னை வளர்த்தவர்கள். திருமணம் நிச்சயமானபோது, கூறைச் சேலை மாப்பிள்ளை வீட்டார் தருவதுதான் எங்கள் வழக்கம் என்று கணவர் மூலம் மாமாவுக்குச் சொன்னோம். மாமா திருமணத்துக்கு வரவில்லை. தேர்தல் நேரம் என்றார். ஒரு பெட்டி வந்தது. சொந்தக்காரர் சூழ்ந்திருக்க அம்மா திறந்தார். மாமாவின் ஆலையில் செய்த பூவேலைத் துணி. முழு வெள்ளை.

"உதென்னடி, கூறைக்கு வெள்ளையோ?" என்றார் பெரியம்மா.

"அவையின்ர ஊரில கலியாணப் பொம்பிளைக்கு வெள்ளைதானே அக்கா. தெரியாமல் அனுப்பியிருப்பார்" என்றார் அம்மா.

"துணி விக்கிற மனிசனுக்குத் தெரியாதோ? நல்லாச் சொன்னாய்."

அம்மா பெட்டியை மூடினார். அன்று பின்னேரமே அஜின்கோர்ட் கடையொன்றில் சிவப்புக் கூறை வாங்கினோம். பெரியம்மாவின் கேள்வி மட்டும் என்னோடு வந்துவிட்டது. மாமா பல நாடுகளுக்குத் துணி விற்றவர். எந்த நாட்டில் மணமகள் என்ன நிறம் உடுப்பாள், எங்கே சாவுக்கு என்ன நிறம் என்பதெல்லாம் தனக்கு அத்துப்படி என்று அவரே பெருமையாகச் சொல்லுவார்.

பின்னர் ஆலை மூடப்பட்டது. தேர்தலில் தோற்றார். மாமியும் காலமானார். மாமா நோயோடு ஸ்ரௌவ்வில் ஊரிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தும் மாறவில்லை. நான் உடுத்தியிருக்கும் சட்டையின் ஓரத்தைத் திருப்பித் தையலைப் பார்த்து உதட்டைச் சுழிப்பார். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் என் அப்பா இருக்கும்போதே, ஆலைக்கு வந்த துருக்கியரைப் பற்றி, "எங்களுக்குக் கைகள்தான் தேவைப்பட்டன, ஆட்கள் அல்ல" என்று சிரித்தார். அப்பா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். அதை நான் மன்னிக்கவில்லை. மாமாவைத் துடைத்து உடுப்பு மாற்றும்போதெல்லாம் மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

என் சின்ன மகளிடம் மட்டும் வேறு ஆளாக இருந்தார். அவள் மாறிப் பூட்டிய பொத்தான்களை நடுங்கும் விரல்களால் கழற்றி, ஒவ்வொன்றாகத் திரும்பப் பூட்டிவிடுவார். அதைப் பார்க்காமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரை எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கடைசி நாட்களில் கேட்டேவிட்டேன். "மாமா, வெள்ளை எங்களுக்குச் சாவு நிறம் என்று அப்போது தெரியுமா?"

யன்னலைப் பார்த்தபடி கிடந்தார். "நான் எந்த நாட்டுக்கும் பிழையான நிறம் அனுப்பியதில்லை" என்றார்.

எந்த நாட்டை நினைத்துச் சொன்னார், மணமகள் வெள்ளை உடுக்கும் தன் நாட்டையா, எங்களுடையதையா? நான் வாயெடுப்பதற்குள் மகள் பால் கேட்டு வந்துவிட்டாள். பிறகு எனக்குத் துணிவு வரவில்லை.

மாமாவின் நோய்க்காலத்தில் கஞ்சி காய்ச்சித் தந்த அம்மாவுக்கும், மருத்துவமனைக்கு ஏற்றியிறக்கிய பக்கத்து வீட்டு அங்கிளுக்கும், அவரை அறியாமலே இறுதிக்கிரியைக்கு வந்து நின்ற உங்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி.

ஒரு உதவியும் வேண்டும். பெட்டியிலேயே கிடக்கும் அந்த வெள்ளைத் துணியில் மகளின் பிறந்தநாளுக்குச் சட்டை தைக்கவேண்டும் என்கிறார் கணவர். தகப்பனாரின் ஆலையில் மிஞ்சியது அது ஒன்றுதான். அம்மாவோ, "சாவுச் சீலையப் பிள்ளையின்ர உடம்பில படவிடாதை" என்கிறார். தையற்கார அன்ரி வருகிற கிழமை கத்தரிக்கோலோடு வருகிறார். நான் வெட்ட விடலாமா? இன்று மாமாவின் ஆண்டுத் திவசத்தில் சாப்பிட்டுப் புறப்படுமுன், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.