பிடரியில் அடித்த காற்று

காருக்கு சீட்டும், ஹூடு என்கிற மடக்குத் துணிக்கூரையும் தைக்கிறவனிடம் வருபவர்கள் யாரும் சீட்டைப் பற்றிப் பேசுவதில்லை. முதுகுவலியைப் பற்றித்தான் பேசுவார்கள். எழுபதுகளின் நடுவில் வண்டிப்பெரியாரில் கடை போட்டிருந்த எனக்கு, இதனாலேயே பாதி வைத்தியம் தெரியும். வேலைக்குக் கூலியோடு வாடிக்கையாளரின் உபாதையையும் வாங்கிக் கட்டிக்கொள்கிற சகதொழிலாளிகளே, நீங்கள் தலையாட்டுவது எனக்குத் தெரிகிறது.

எனக்கு வந்த கேஸ்

பொன்னையா பக்கத்து எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலைத் தூள் தயாரிப்பைக் கவனிக்கிற டீமேக்கர். சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் பழைய ஓப்பன் கார் வாங்கியிருந்தார். அவர் மனைவி செல்லத்தாய்க்கு பஸ் ஏறினால் குமுளி தாண்டுவதற்குள் வாந்தி. மூடின காரிலும் அதே கதை. ஹூடை மடக்கிவிட்டுப் போனால் மட்டும் வாந்தி கிடையாது. ஆனால் காற்று பிடரியிலும் காதிலும் அடித்து, இறங்கின பிறகு இரண்டு நாள் தலை தூக்க முடியாது.

அவர்கள் மகள் மலைக்குக் கீழே கம்பத்தில் ஏழு மாதக் கர்ப்பிணி. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஆனால் அந்தப் பெண் மலை ஏறவே கூடாது என்று அங்கே டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆகவே தாய்தான் இறங்கிப் போக வேண்டும். காற்றுக்கு ஒரு வழி செய்யாவிட்டால், பெற்றவள் பக்கத்தில் இல்லாமலே அவள் பெற வேண்டியதுதான்.

மெதுவாகப் போகலாமே என்றேன். மெதுவாகப் போனால் வாந்தியாம். மப்ளர் கட்டலாமே என்றேன். மூச்சு முட்டி அதற்கும் வாந்தியாம். காரை விட்டு இறங்காமலே செல்லத்தாய் சொன்னார்: "எல்லாம் பாத்தாச்சு அண்ணாச்சி. இனி எங்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க, காருகிட்ட சொல்லுங்க."

முன்னால் வைத்த தடுப்பு

ஓடுகிற வண்டிக்கு முன்னாலிருந்துதானே காற்று வரும்? ஹூடின் பின்ஜன்னலுக்குத் தைக்கிற கெட்டி பிளாஸ்டிக் தாளை முன்கண்ணாடிக்கு மேல் ஒரு முழ உயரத்துக்கு நிறுத்தி, பிரமாதமாக இருக்கிறது என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன். புருஷனும் பெண்டாட்டியும் பாலம் வரை போய்த் திரும்பினார்கள். செல்லத்தாயின் கொண்டை அவிழ்ந்து முகத்துக்கு முன்னால் கிடந்தது. வலி முன்னைவிட அதிகம்.

அவர் திட்டினார். நான் அந்த முடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். முன்னாலிருந்து வரும் காற்று முடியைப் பின்னால் அல்லவா தள்ள வேண்டும்? அடுத்த கடையில் வெல்டிங் வைத்திருந்த வர்க்கியும் எட்டிப் பார்த்தார். "ஆசானே, காத்து வர்ற வாசல் ஏதுன்னு பாக்காம நீங்க கதவு வச்சிட்டீங்க."

சிவப்பு நூல்

அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. சிவப்பு நூலைச் சாண் சாணாக வெட்டி, முன்சீட்டின் முதுகில், கதவில், பின்சீட்டில் என்று எங்கும் கட்டினேன். பொன்னையா ஓட்ட, நான் முன்சீட்டில் பின்பக்கம் பார்த்து மண்டியிட்டுக்கொண்டேன். வேகம் ஏறியதும் கதவோரத்து நூல்கள் ஒழுங்காகப் பின்னால் பறந்தன. சீட்டு முதுகில் கட்டியவை மட்டும் என் முகத்தை நோக்கி முன்னால் நீண்டு படபடத்தன. முன்கண்ணாடிக்கு மேலே ஏறிப் போகிற காற்று, பின்சீட்டில் இறங்கிச் சுருண்டு, திரும்பி வந்து பிடரியில் அடிக்கிறது! கண்ணால் பார்க்க முடியாத ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட்ட சந்தோஷத்தில் கத்திவிட்டேன்.

கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். அதில் ஒருத்தி கூடையை இறக்காமலே கேட்டாள்: "போன ஊரையே பாத்துக்கிட்டு எந்த ஊருக்குய்யா போறீரு?"

பெட்டிப் பலகை

வாசல் தெரிந்துவிட்டது, கதவு வைக்க வேண்டியதுதானே? தேயிலைப் பெட்டியின் பலகையை அறுத்து, சீட்டுக்குப் பின்னால் குறுக்கே நிறுத்தினேன். காற்று நின்றது. ஆனால் பலகை அதிர்ந்து தவில் மாதிரி முழங்கியது. இன்னொன்றையும் நான் யோசிக்கவில்லை. பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியில் பலகையைத் தவிர எதுவும் தெரியவில்லை. எங்கள் பின்னாலேயே ஹாரன் அடித்து அடித்து அலுத்துப்போன பஸ் டிரைவர், கடைசியில் ஒரு வளைவில் பக்கத்தில் வந்து தலையை நீட்டினார்: "பெட்டியில எழுதியிருக்குறத வாசிச்சு முடிச்சாச்சுன்னா கொஞ்சம் வழி விடுறீங்களா?"

சல்லடை

பார்வையை மறைக்கக் கூடாது, காற்றை மறைக்க வேண்டும். இப்படி நான் புலம்பியதைக் கேட்டு, பொன்னையா ஃபேக்டரியில் கழித்துப்போட்ட சல்லடை வலையைக் கொண்டுவந்தார். ஓட்டை ஓட்டையாக இருப்பது எப்படிக் காற்றைத் தடுக்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. இருந்தாலும் வர்க்கி வளைத்துக் கொடுத்த கம்பிச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஓரத்துக்கு ரெக்ஸின் தைத்து, பலகை நின்ற இடத்தில் நிறுத்தினேன்.

வலையைக் கழுவ வேண்டும் என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தேயிலையோடே வாழ்கிறவர்களுக்கு அது அழுக்காகத் தெரிவதில்லை. குலுங்கிய முதல் பள்ளத்திலேயே கண்ணியில் ஒட்டியிருந்த தூள் கிளம்பியது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். முகத்தில் ஒன்றும் அடிக்கவில்லை. திறந்து பார்த்தால் தூள் பின்னாலிருந்து தோளைத் தாண்டிப் பொறுமையாக மடியில் உதிர்ந்துகொண்டிருந்தது. வலைக்குள் நுழைந்த காற்று அந்தப் பக்கமே தன் பலத்தை விட்டுவிட்டு வந்திருந்தது! ஜெயித்துவிட்டோம் என்று பொன்னையாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் காரை ஓரம் கட்டி, மடியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துக் கசக்கி மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். "காத்து நின்னது இருக்கட்டும் அண்ணாச்சி, இது நம்ம ஃபேக்டரித் தூளே இல்லியே! எவனோ வெளித்தூளக் கொண்டாந்து நம்ம சல்லடையில சலிச்சிருக்கான்!"

கம்பம்

ஒன்பதாம் மாதம் பிறந்ததும், நன்றாகக் கழுவிய வலையோடு கார் புறப்பட்டது. செல்லத்தாய் ஒரு மூட்டையை அணைத்தபடி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அன்று முழுக்க எனக்கு ஒரு தையலும் நேராக விழவில்லை. மறுநாள் பொன்னையா தனியாகத் திரும்பி வந்து, அவள் தானே இறங்கி நடந்து போய் மகள் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டாள் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு வாரத்தில் பேத்தி பிறந்த சேதியும் வந்தது.

மூன்று மாதம் கழித்து அவர் மறுபடி கடைக்கு வந்தார். ஆள் இளைத்திருந்தார். சட்டையில் ஓட்டல் சாம்பார். வலையில் ஏதாவது கோளாறா என்றேன். "ஒரு கோளாறும் இல்ல, அதான் கோளாறு. இன்னும் மக வீட்டுலதான் இருக்கா. எப்ப நம்ம வீட்டுக்கு வருவேன்னு அவகிட்ட கேட்டா, 'வண்டிதான் இப்ப நல்லா ஓடுதே, நீங்க வந்து பாத்துட்டுப் போங்க'ங்கா!"

தையல் விட்டுப்போனால் ஒரு திட்டு, விடாமல் நின்றுவிட்டால் இன்னொரு திட்டு. இந்த இரண்டாவது திட்டு என்றைக்காவது கிடைக்காதா என்றுதான் நாமெல்லாம் தினமும் கடை திறக்கிறோம்.