நன்னடத்தைச் சான்றிதழ்

ஐம்பதுகளின் கடைசியில் நான் சேலத்தில் பள்ளி ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பாடகர் குழுவுக்குப் பிடில் வாசிப்பேன். கல்யாணம் ஆகவில்லை. அம்மாவுக்குக் காது மந்தம், அக்கம்பக்கத்தில் அம்மாபேட்டைத் தறிச் சத்தம். வீட்டில் நான் வாசிப்பதைக் கேட்க ஆள் கிடையாது. ஒரு சோஷலிச நாட்டில் உலக இளைஞர்களுக்கான இசைப் போட்டி என்று பத்திரிகையில் பார்த்ததும் எழுதிப் போட்டேன். சென்னையில் ஒரு கமிட்டி வாசிக்கச் சொல்லிக் கேட்டு, என்னைத் தேர்ந்தெடுத்தும் விட்டது. பரிசைப் பற்றி நினைக்கவே இல்லை. என்னைப் போலப் பிடிலே கதி என்று கிடப்பவர்கள் நடுவில் ஒரே ஒருமுறை உட்கார வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

கமிட்டி நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டது. எனக்குத் தெரிந்த பெரிய மனிதர் எங்கள் பங்குச் சாமியார் ஒருவர்தான். எந்த நாடு என்று சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. கோயிலைப் பூட்டுகிறவர்கள் ஊருக்கா போகிறாய் என்று அரைமணி நேரம் புத்தி சொன்னார். நான் அழுதுவிட்டேன். மனம் இளகி, தானே டைப் அடித்து, உறையை ஒட்டிக் கொடுத்தார்.

"உன்னைப் பத்தி நல்லாவே எழுதியிருக்கேன் கண்ணு," என்றார்.

அப்படியே தபாலில் சேர்த்தேன். பிரித்துப் பார்க்கிற சாமர்த்தியம் எனக்கு ஏது?

பத்து நாளில் அந்தச் சான்றிதழே திரும்பி வந்தது. ஒழுக்கமானவள், பக்தியுள்ளவள், கம்யூனிஸ்டுகளை அடியோடு வெறுப்பவள் என்று எழுதியிருந்தார். கூடவே கமிட்டியின் இரண்டு வரி: என் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். எனக்கு அரசியலே தெரியாது. யாரையும் வெறுக்க எனக்கு நேரம் இருந்ததும் இல்லை.

அடுத்த ஞாயிறு, எப்போது கிளம்புகிறாய் என்று சாமியார் கேட்டார். பிரியத்தில்தான் அப்படி எழுதினார். அவரிடம் எப்படிச் சொல்வது? போகவில்லை என்று மட்டும் சொன்னேன். தன் பேச்சைக் கேட்டு நானே வேண்டாமென்று விட்டதாக நினைத்து அவர் கண் கலங்கினார். பிரசங்கத்திலும் சொல்லிவிட்டார். பெண்கள் என் கையைப் பிடித்துப் பிடித்துப் பாராட்டினார்கள். அத்தனை பேர் நடுவில் நின்றபோதுதான் எனக்கென்று ஒருவரும் இல்லை என்று தெரிந்தது.

சில வருஷம் கழித்து பிஷப் வந்தபோது சாமியார் என்னை முன்னால் நிறுத்தினார்.

"சீமைக்குக் கூப்பிட்டும் போகாத பொண்ணுங்க இது."

உனக்கு அதில் வருத்தமில்லையா அம்மா என்று பிஷப் கேட்டார். சாமியார் பெருமையோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க சாமி," என்றேன்.