அப்பா பொறந்த நாளைக் கண்டுபிடிச்ச க்வெரி

இன்னிக்கு எங்க அப்பாவுக்கு நட்சத்திரம் கிடைச்சிடுச்சு மக்களே!

விஷயம் இதுதான். அப்பாவுக்கு எழுபது வருதே, பீமரத சாந்தி பண்ணலாம்னு போன வாரம் கோவிலுக்குப் போனோம். குருக்கள் கேட்ட மொத கேள்வியே, "நட்சத்திரம் சொல்லுங்கோ."

அப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கோவில் மணியைப் பார்த்தாங்க.

அப்பா பொறந்தது அந்தமான்ல, பெரார்கஞ்ச் கிராமத்துல. தாத்தா குடும்பம் ராமநாதபுரத்துலருந்து கப்பலேறி வந்து குடியேறின ஐம்பதுகள். காட்டை வெட்டி வயலாக்குற அவசரத்துல ஜாதகம் யாரு எழுதினா? ஸ்கூல்ல சேர்க்கும்போது ஹெட்மாஸ்டரே குத்துமதிப்பா ஒரு வருஷம் போட்டு, ஜூன் ஒண்ணுன்னு எழுதிட்டார். (அப்பா கிளாஸ்ல பாதிப் பேர் ஜூன் ஒண்ணுதான்!)

அறுபதாம் கல்யாணமும் இதனாலதான் நடக்கலை. அப்ப சிரிச்சுக்கிட்டே விட்டுட்டார். இந்த தடவை கோவில் படி இறங்கும்போது, "எனக்கு ஆபீஸுக்குக் காட்டுற தேதிதான்மா இருக்கு, பொறந்த நாள்னு ஒண்ணு இல்லை"ன்னார்.

எனக்கு மனசே கேக்கலைங்க.

நான் போர்ட் பிளேர் மின்னி பே வீட்ல உக்காந்து மெயின்லேண்ட் கம்பெனிக்கு எஸ்க்யூஎல் க்வெரி, அதான் டேட்டாபேஸுக்குக் கேள்வி, எழுதுற ஆளு. கோடிக்கணக்கான பில்லை நொடியில அலசித் தர்ற அனலிட்டிக்கல் டேட்டாபேஸ்தான் நம்ம பொழப்பு. எந்த ஊர்ல எந்த சோப்பு என்னிக்கு வித்துச்சுன்னு சொல்றவ, பெத்த அப்பா என்னிக்குப் பொறந்தார்னு சொல்ல மாட்டேனா!

பெரார்கஞ்ச் அத்தைக்கு ஃபோன் போட்டேன். அப்பாவோட அக்கா. அப்பா பொறந்தப்ப அவங்களுக்கு ஏழெட்டு வயசு.

"அரே, நல்லா ஞாபகம் இருக்குடி! ஞாயித்துக்கிழமை. ஸ்கூல் சுட்டி, லீவு. காலைல பொறந்தான். அன்னிக்குன்னு பார்த்து மெட்ராஸ் ஜஹாஜ், அதான் கப்பல், வந்துச்சு, எங்கப்பா அதுல வர்ற சித்தப்பாவைக் கூட்டிட்டு வர போர்ட் பிளேர் போயிட்டாரு. இங்க நாள் முழுக்க என்னா பாரிஷ்ங்கற, அப்படியொரு மழை! வயல்ல அப்பதான் நடவு முடிஞ்சிருந்துச்சு."

"எந்த வருஷம் அத்தை?"

"அதெல்லாம் யாருக்குடி தெரியும்?"

போதும் அத்தை! நாலு கண்டிஷன் குடுத்துட்டீங்க!

டெலானிபூர் ஃப்ரெண்ட் ஷிப்ரா, குடியேற்ற காலத்தைப் பத்தி ரிசர்ச் பண்றா. அந்த வருஷங்கள்ல என்னிக்குக் கப்பல் வந்துச்சு, என்னிக்கு எவ்வளவு மழைன்னு பழைய பதிவெல்லாம் டைப் பண்ணி வச்சிருக்கா. வாங்கி ரெண்டு டேபிளா ஏத்தினேன். (எலி பிடிக்க ஜேசிபி கொண்டு வந்த கதைதான். இருக்கட்டும்.)

கப்பல் டேபிளையும் மழை டேபிளையும் தேதி வச்சு ஜாயின். மெட்ராஸ் கப்பல், ஞாயிறு, நடவு முடியுற ஜூலை-ஆகஸ்ட், கனமழை. ஸ்கூல்ல போட்ட வருஷத்துக்கு முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு.

ரன்!

ஜீரோ ரோஸ். ஒரு வரிகூட இல்லை.

அப்பா பொறக்கவே இல்லைங்குது டேட்டாபேஸ்!

பக்கத்துல டீ கிளாஸோட நின்னுட்டிருந்த அப்பா, "விடும்மா, கிடைக்காதது கிடைக்காது"ன்னு ஹாலுக்குப் போயிட்டார். அந்தக் குரல் என்னவோ பண்ணிடுச்சு. அத்தைக்குத்தான் ஞாபகம் தப்பிடுச்சோன்னு நினைச்சுக்கிட்டே ஷிப்ராவுக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினேன்.

உடனே கால். "அரே பாகல்!"னு ஆரம்பிச்சு ஹிந்தியில வாங்கு வாங்குன்னு வாங்கினா. சுருக்கம் என்னன்னா, மழையை தினமும் காலைல எட்டரைக்குத்தான் அளப்பாங்களாம். ஞாயித்துக்கிழமை பகல்ல கொட்டின மழை திங்கக்கிழமை தேதியிலதான் பதிவாகுமாம்!

கப்பல் வந்த அன்னிக்கே பதிவு. மழை மட்டும் ஒரு நாள் லேட். ரெண்டையும் ஒரே தேதியில கட்டிப் போட்டா எப்படிச் சேரும்?

மழைத் தேதியில ஒரு நாள் கழிச்சு ஜாயின் பண்ணினேன்.

ரன்.

ஒரே ஒரு ரோ.

ஸ்கூல்ல போட்ட வருஷத்துக்கு அடுத்த வருஷம். ஆகஸ்ட். ஞாயித்துக்கிழமை. பஞ்சாங்கத்தைத் தட்டினா அன்னிக்கு முழுக்க திருவோணம்!

அப்பா கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுட்டு அந்த வரியைப் பார்த்துட்டே நின்னார். "இந்த மழையிலதான் எங்கப்பா நனைஞ்சுட்டு வந்தாராம்மா?"ன்னு கேட்டார். நான் அழுதுட்டேன், சொல்றதுக்கு என்ன வெக்கம்.

அப்புறம் மெதுவா, "அப்போ ஒரு வருஷம் முன்னாடியே என்னை ரிட்டையர் பண்ணிட்டாங்களா!"ன்னார். சிரிப்பு அடங்கவே இல்லை.

அதுக்குள்ள அடுப்படியிலருந்து கரண்டியோட அம்மா வந்தாங்க. ஸ்க்ரீனைப் பார்த்தாங்க. விரல் விட்டு எண்ணினாங்க. அம்மா பொறந்தது மதுரையில, அவங்களுக்கு ஜாதகம் பக்காவா இருக்கு. அதே வருஷம், மார்ச்.

"ஏங்க, அப்போ நான் உங்களுக்கு அஞ்சு மாசம் மூத்தவ!"

கரண்டியை அப்பா பக்கம் நீட்டினாங்க.

"கல்யாணமான நாள்லருந்து 'பெரியவன் சொல்றேன் கேளு'ன்னே எத்தனை தடவை என் வாயை அடைச்சிருப்பீங்க! இனிமே பெரியவ சொல்றேன், கேளுங்க. விசேஷம் அடுத்த வருஷம். அதுவும் எனக்கு எழுபது ஆன அப்புறம்!"

கரண்டியை ஆட்டிக்கிட்டே அத்தைக்கு ஃபோன் போட உள்ள போயிட்டாங்க.

அப்பா என் பக்கம் குனிஞ்சு, ரொம்ப சின்னக் குரல்ல:

"ஏம்மா... வந்த வரியை அழிக்கிறதுக்கும் அதுல ஒரு கமாண்ட் இருக்குமில்ல?"