வளைவில் அடித்த ஹாரன்

மலைக்கு ஆட்களை பைக்கில் அழைத்துப் போகிறவர்களுக்குள் அவனுக்கு ரேடியோ என்று பெயர். காலையில் டவுனில் வண்டியை உதைத்துக் கிளப்பினால் சாயங்காலம் திரும்பி வரும்வரை வாய் ஓயாது. இந்தப் பாறை உருண்டு வந்த கதை, அந்த ஓடை வறண்ட கதை, கழுதை தபால்காரரைத் துரத்திய கதை. பாதி நிஜம், மீதி அவன் கைச்சரக்கு. பின்னால் வாடகை பைக்கில் வருகிறவர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் மட்டும் ரேடியோ அணைந்துவிடும். சோறு உள்ளே போகத்தான் வாய் திறக்கும்.

அவன் மனைவியும் வருஷக்கணக்கில் பொறுத்துப் பார்த்தாள். "போறவன் வர்றவன்கிட்டல்லாம் நாள் பூரா பேசுறீங்க. எங்கிட்ட பேச என்ன கொள்ளை?" என்று கேட்டாள். அதற்கும் அவன் சோற்றுத் தட்டை முன்னால் இழுத்துக்கொண்டான். நாலு மாதத்துக்கு முன்னால் பையைக் கட்டிக்கொண்டு, மலையின் கடைசிக் கிராமத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். "யாரையும் தூது அனுப்பாதீங்க. நீங்களே வாயத் தொறந்து கூப்பிட்டா வர்றேன்." அவ்வளவுதான் அவள் போட்ட நிபந்தனை.

நாளெல்லாம் செய்கிற வேலைதானே என்று நமக்குத் தோன்றும். அந்த மனுஷனுக்கு அது மலையைப் புரட்டுகிற வேலையாக இருந்தது. வாரம் தவறாமல் ஆட்களோடு அந்த வாசலுக்குப் போனான். கடைசி வளைவுக்கு முன்னால், எத்தனை டீ வேண்டுமோ அத்தனை ஹாரன் அடிப்பது அந்தப் பாதையின் வழக்கம். சத்தம் கேட்டதும் மாமியார் வீட்டு அடுப்பில் பாத்திரம் ஏறிவிடும். வந்தவருக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று இவன் இரண்டு அடிப்பான். வருவது ஒரே கிளாஸ். அதை வந்தவர் கையில் கொடுத்துவிட்டு அவள் உள்ளே போய்விடுவாள். இவன் பின் சீட்டில் கட்டிய பெட்ரோல் கேனின் கயிற்றை இறுக்குகிற மாதிரி குனிந்துகொள்வான்.

இன்றைக்கு வாய்த்தவர் ஒரு பல் டாக்டர். மனுஷன் உயிரை எடுத்துவிட்டார். சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் "இது எதனால?" என்பார். ஆட்டைக் கண்டால் நிறுத்தி ஒரு போட்டோ, அது திரும்பிப் பார்க்கவில்லை என்று இன்னொரு போட்டோ. முதல் கிராமத்தில் தண்ணீர் இறைத்துப் பழகுகிறேன் என்று வாளியைக் கிணற்றுக்குள்ளேயே விட்டார். அதைத் துழாவி எடுத்துக் கொடுத்துக் கிளம்புவதற்குள் உச்சிவெயில். இன்றைக்காவது கூப்பிட்டுவிடுவது என்று காலையிலேயே முடிவெடுத்து, சொல்ல வேண்டியதை மனசுக்குள் உருட்டிக்கொண்டு வந்தான் ரேடியோ. உருட்ட விட்டால்தானே!

கடைசி வளைவு வந்தது. "டாக்டர், இங்க ரெண்டு ஹாரன் அடிக்கணும். எத்தனை ஹாரனோ அத்தனை டீ" என்று சொன்னதுதான் தப்பு.

"அட, பிரமாதம்! நானே அடிக்கிறேன்" என்று அவர் கட்டைவிரலை வைத்தார். இரண்டோடு நின்றாரா? மலை எதிரொலித்தது. அதற்குப் பதில் சொல்கிற உற்சாகத்தில் அழுத்திக்கொண்டே இருந்தார்.

"போதும் சார்! கல்யாணக் கூட்டம் வருதுன்னு நெனைச்சுக்கப் போறாங்க!"

"திரும்பி வருது பாருங்க!" என்று மறுபடியும் அழுத்தினார்.

மேலே போனால், வாசல் பெஞ்சில் அக்கம்பக்கத்துக் கிளாஸெல்லாம் வரிசை கட்டி நின்றன. கிளாஸ் கொடுத்தவர்களும் கூட்டத்தை வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள்.

"மத்தவங்க எங்க?" என்று மாமியார் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"நாங்க மட்டும்தான் அத்தை."

"ரெண்டு பேருக்கா இந்த ஆர்ப்பாட்டம்? இருந்த பால் அத்தனையும் ஊத்தியாச்சே மாப்பிள்ளை!"

ஊற்றியதை என்ன செய்வது? நின்றவர்கள் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கடைசியில் ஒரு கிளாஸ் மிஞ்சியது. எல்லோரும் அவன் மனைவியைப் பார்த்தார்கள். அவள் அதைக் கையில் எடுத்தாள், ஆனால் நீட்டவில்லை.

"ஏதாவது சொல்லணுமா?" என்றாள்.

அவன் வாய் திறந்தது, மூடியது. கோபம் கோபமாக வந்தது. டாக்டர் மேல், ஹாரன் மேல், ஊதி ஊதிக் குடிக்கிற ஊர் மேல், எல்லாவற்றையும்விடத் தன் மேல்.

டாக்டருக்கு விஷயம் எதுவும் தெரியாது. திறந்து மூடுகிற வாயைக் கண்டதும் தொழில் முந்திக்கொண்டது. "நல்லாத் தொறங்க. வலிக்காது" என்றார்.

ரேடியோ எரிச்சலோடு அவர் பக்கம் திரும்பினான். திரும்பியதும், பழக்கதோஷம், குரல் தானாக வந்துவிட்டது. "டாக்டர், இந்தப் பாதையில இதுதான் கடைசி வீடு. இவங்க என் வீட்டுக்காரி. நாலு மாசமா எம்மேல கோபம். நியாயமான கோபம். நான் வெளியிலயே பேசித் தீர்த்துட்டு, வீட்டுக்கு மிச்சம் வைக்கலை. இப்ப அந்த வீட்டுல சுவத்துகிட்ட பேசிட்டிருக்கேன். வாரா வாரம் யாரையாவது இங்க கூட்டிட்டு வர்றதே இவங்களைப் பாக்கத்தான்."

டாக்டர் கிளாஸைக் கீழே வைத்தார். மற்றவர்களும் உறிஞ்சுவதை நிறுத்தியிருந்தார்கள்.

"அவர்கிட்ட சொன்னது போதும். இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க" என்றாள் மனைவி.

திரும்பினான். அத்தனை கதை தெரிந்தவனுக்கு ஒரு சொல்தான் வந்தது.

"வந்துடு."

அவள் கிளாஸை நீட்டினாள். டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. அப்படியே குடித்தான்.

பெட்ரோல் கேன் டாக்டர் வண்டிக்கு மாறியது. அதற்கும் "எதனால?" என்று கேட்டார். ரேடியோவின் பின்னால், கேன் இருந்த இடத்தில், அவள் பையோடு ஏறி உட்கார்ந்தாள். இரண்டு வளைவு இறங்கியும் ரேடியோவிடமிருந்து சத்தமே இல்லை. முதுகில் ஒரு குத்து விழுந்தது.

"அந்தப் பாறைக்கு என்ன கதை?"

"நீ பொறந்து வளந்த மலை. உனக்குத் தெரியாத பாறையா?"

"தெரியும். நீங்க சொல்லுங்க."

பின்னால் டாக்டர் மறுபடியும் ஹாரனை அழுத்தத் தொடங்கியிருந்தார். ரேடியோ பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திக் கதையை ஆரம்பித்தான்.