கிழக்குச் சரிவில் கல்லா, பறவையா

அண்டார்டிகாவுக்கு நான் போனதில்லை. கூப்பிட்டாலும் போகமாட்டேன், எனக்குக் குளிர் ஆகாது. ஆனால் அங்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறை முனையில் எந்தச் சரிவு எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹேயில் படித்துக்கொண்டிருந்தபோது ஓர் ஆய்வகத்தில் எனக்குப் பகுதிநேர வேலை கிடைத்தது. ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த அந்த முனையின் படங்களைத் திரையில் பெரிதாக்கி பென்குவின் கூடுகளை எண்ண வேண்டும். ஒரு கூட்டுக்கு ஒரு கிளிக்.

முட்டாள் வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு வாரத்தில் மதியச் சாப்பாட்டை மறக்க ஆரம்பித்தேன். ஜோடியில் ஒன்று கடலுக்குப் போயிருக்கும், மற்றது முட்டைமேல் படுத்திருக்கும். அதனால் நிற்பதையும் நடப்பதையும் விட்டுவிட்டு, படுத்திருப்பதை மட்டும்தான் எண்ண வேண்டும். பக்கத்துக் கூட்டுக்காரன் கொத்தினால் எட்டாத தூரத்தில் ஒவ்வொன்றும் உட்கார்ந்திருக்கும். யார் அளந்து கொடுத்தது? பாறை இடுக்கில் கூடு கட்டும் வெள்ளைக் கடற்பறவைகளும் அங்கே உண்டு, ஆனால் மேலிருந்து பார்த்தால் தெரியாது. அவற்றை யார் எண்ணுவது என்று ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியரிடம் கேட்டேன். "இந்தப் படத்தை வைத்து முடியாது" என்றார் அந்த அம்மா. எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒரே படத்தை இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும், இருவரும் எழுதிக் கொடுக்கும்வரை அதைப் பற்றிப் பேசக்கூடாது என்பது விதி. இரண்டாவது ஆள் படங்களை ஸ்கேன் செய்பவர், யாழ்ப்பாணத்துக்காரர், ரொம்ப வருடமாக ஜெர்மனியில் இருப்பவர். அவரை நான் அண்ணை என்று கூப்பிடுவேன்.

அந்த வருடம் முனையின் கிழக்குச் சரிவில்தான் பிரச்சினை. அடுத்த பருவத்தில் எரிபொருள் பீப்பாய்களோடு ஹெலிகாப்டர் அங்கே இறங்குவதாகத் திட்டம். கூடுகள் இருந்தால் இறங்காது. அதை எங்கள் எண்ணிக்கைதான் சொல்ல வேண்டும்.

நான் எண்ணி முடித்துவிட்டேன், இருவருமே இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. அண்ணை எத்தனை போட்டார் என்று தெரியாமல் மண்டை வெடித்தது. தமிழில் பேசினால் விதியை மீறியதாகாது என்று எங்கள் இருவருக்குமே ஒரு நினைப்பு. சமையலறையில் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டுவிட்டேன்.

"அண்ணை, கிழக்குச் சரிவுல எத்தனை?"

"ஒண்டுமில்லை. அது முழுக்கக் கல்லு."

"கல்லா? கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாத்தீங்களா?"

"கத்தாதேயும் தங்கச்சி. மற்ற இடமெல்லாம் கூனி இறால் திண்ட எச்சம் பட்டுச் சிவந்து கிடக்கு. அங்க ஒரு கறை கூட இல்லை. பறவை இருந்தா பேலாதோ?"

"சரிவு செங்குத்தா இருக்கு. பனி உருகுற தண்ணி கழுவிட்டுப் போயிடும். நம்மகிட்ட ரெண்டு நாள் படம் இருக்குல்ல? ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. மறுநாள் காத்து மாறியிருக்கு, புள்ளியெல்லாம் அதுக்கேத்த மாதிரி திரும்பியிருக்கு. கல்லு திரும்புமா?"

சொன்னால் நம்பமாட்டார் என்று டப்பா மூடியில் சோற்றுப் பருக்கைகளைச் சரிவில் இருந்தபடியே வைத்தேன். பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பினேன். அவர் குனிந்து பார்த்து, "உதென்ன, ரசத்துக்குள்ளயும் ரெண்டு பென்குவின் நிக்குது" என்றார்.

காபி எடுக்க வந்த பேராசிரியர் எங்கள் பின்னால் நின்றார். மூடியைப் பார்த்தார். பாறை முனையின் வடிவத்தில் பருக்கைகள் கிடந்தன.

"இது கிழக்குச் சரிவா?"

அண்ணை பருக்கைகளை அவசரமாக வழித்து வாயில் போட்டுக்கொண்டார். அதுவே போதுமாக இருந்தது.

எங்கள் இரண்டு எண்ணிக்கையும் செல்லாது என்று சொல்லிவிட்டார். நான் அவர் அறைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அங்கே பறவை முட்டைமேல் படுத்திருக்கிறது, உங்களுக்கு விதி பெரிதா என்று கேட்டேன். "விதியை மீறிய எண்ணை நான் கொடுத்தால், அதைக் காரணம் காட்டியே ஹெலிகாப்டரை இறக்குவார்கள்" என்றார். அந்தப் பறவைகளுக்குக் கெடுதல் செய்திருந்தால், செய்தது நான்தான்.

பக்கத்து அறையில் பாசியை ஆராயும் ஒரு பெண்மணியிடம் விஷயம் எதுவும் சொல்லாமல் இரண்டு படத்தையும் கொடுத்தார்கள். அவர் எண்ணி முடிக்க நான்கு நாள் ஆனது. நாலு நாளும் நானும் அண்ணையும் வானிலையைப் பற்றி மட்டும் பேசினோம்.

கிழக்குச் சரிவில் நாற்பது கூடு என்று எழுதிக் கொடுத்தார். அங்கே இறங்கக்கூடாது என்று அறிக்கை போனது.

நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் நான் போட்டது ஐம்பத்தொன்று. மீதிப் பதினொன்றை அந்தப் பாசிக்கார அம்மா எப்படி விடலாம்? படங்களைத் திறந்து, அவர் விட்ட புள்ளிகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

பதினொன்றில் ஒன்றுகூடத் திரும்பியிருக்கவில்லை.

அண்ணையிடம் போய், "பதினொண்ணு கல்லுதான்" என்றேன்.

"நான் அண்டைக்கே சொன்னனான் எல்லே" என்றார், ஐம்பத்தொன்றையும் கல் என்று சொன்ன மனிதர்.